மாதத்தில் ஒரு நாள்: பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் உரிமையின் வரலாறு

திரைக்கு அந்தப் பக்கம் சிலருக்கு இது காலைக் காப்பி நேரம், சிலருக்கு இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். நான் இரவுப் பணி முடித்து வந்து, மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்த நிகழ்வில் வழக்கமாகப் பேசுகிறவர்கள் பேராசிரியர்கள், ஆய்வாளர்கள். நான் நர்சிங் டிப்ளமோ முடித்து, இருபது வருடத்துக்கு மேலாகக் கட்டில்களுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பவள். அவ்வப்போது கதை எழுதுவேன். சட்ட வரலாற்றைப் பற்றி நான் பேசுவது, வார்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்த ஒருத்தியின் பேச்சாகத்தான் இருக்கும்.

வாசல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்குப் பார்வையாளர் நேரம் என்பது தினசரித் தகராறு. யாரை உள்ளே விடுவது, எவ்வளவு நேரம் விடுவது, அதை யார் முடிவு செய்வது. மகள் ஒரு பெயரை எழுதிக் கொடுப்பார். மகன் வந்து அதை அடிக்கச் சொல்வார். நடுவில் நோயாளி, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரியாமல் படுத்திருப்பார்.

2020 மார்ச் மாதத்தில், கொரோனா காரணமாக முதியோர் இல்லங்களுக்குப் பார்வையாளர்கள் யாரையும் விட வேண்டாம் என்று அமெரிக்க மத்திய அரசு அறிவுறுத்தியது. நான் வேலை பார்க்கும் இல்லத்தில் ஜன்னலுக்கு வெளியே புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் தாத்தாவோடு செல்போனில் பேசிய பேரப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தடை விலகியதும் எல்லோர் வீட்டிலிருந்தும் ஆள் வந்தார்கள். ஒரு பாட்டிக்கு மட்டும் வரவில்லை. அவருக்குக் கொரோனாவுக்கு முன்பும் யாரும் வந்ததில்லை. மகன் இறந்துபோயிருந்தார். மருமகள் வேறு ஊரில் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டார். பேத்தியின் பழைய பள்ளிப் படம் ஒன்று மேசையில் இருந்தது. ஒரு நாள் மருந்து கொடுக்கும்போது, “நான் போய்ப் பார்க்கிறேன் என்று சொன்னால், விடச் சொல்ல ஒரு சட்டம்கூட இல்லையா?” என்று கேட்டார். தெரியவில்லை, படித்துச் சொல்கிறேன் என்றேன். நான் படித்து முடிப்பதற்குள் அவர் காலமாகிவிட்டார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இன்று உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் பிரான்ஸ். நெப்போலியன் காலத்துச் சிவில் சட்டத்தில் குடும்பத்துக்குத் தலைவர் தந்தை. பிள்ளை யாரைப் பார்க்கலாம், யாரைப் பார்க்கக் கூடாது என்பது அவர் அதிகாரம். அந்த அதிகாரத்துக்கு ஒரு எல்லை உண்டு என்று பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1857 ஜூலை 8 அன்று தீர்ப்பளித்தது. தக்க, கனமான காரணம் இல்லாமல் பிள்ளையைத் தாத்தா பாட்டியிடமிருந்து பெற்றோர் பிரிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதைச் சொல்ல அன்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. நீதிபதிகளாகவே எடுத்த முடிவு அது.

அமெரிக்காவின் லூசியானா மாநிலம் ஒரு காலத்தில் பிரான்சின் கையில் இருந்தது. அதன் சிவில் சட்டமும் பிரெஞ்சு வேரில் வந்ததுதான். அங்கே 1894-இல் ஒரு வழக்கு வந்தது. சட்ட நூல்களில் அதன் பெயர் ‘ரீஸ் வழக்கு’. பேரப்பிள்ளைகளைப் பார்க்க அனுமதி வேண்டும் என்று கேட்டுத் தொடுக்கப்பட்டது. பிரெஞ்சு வழியைப் பின்பற்றியிருக்கலாம். லூசியானா நீதிமன்றம் எதிர்த் திசையில் போனது. பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் காட்ட வேண்டியது பெற்றோரின் தார்மீகக் கடமை, ஆனால் அது சட்டக் கடமை அல்ல என்றது. நீதிமன்றம் உள்ளே நுழைந்தால் பெற்றோரின் அதிகாரம் குறையும், இரண்டு பக்கத்துச் சண்டைக்கும் நடுவில் பிள்ளை மாட்டிக்கொள்ளும் என்பது அந்த வழி வந்த தீர்ப்புகள் சொன்ன காரணம்.

நாம் பேசப்போகும் எல்லாமே இந்த இரண்டு தீர்ப்புகளுக்குள் அடங்கிவிடும். இரண்டுமே பாசத்தை ஒப்புக்கொள்கின்றன. அந்தப் பாசத்துக்காக ஒரு வீட்டின் கதவை நீதிமன்றம் தட்டலாமா என்பதில்தான் வேறுபடுகின்றன.

லூசியானாவின் பதில்தான் அமெரிக்காவில் எழுபது வருடம் ஓடியது. 1960-களின் நடுவில் காற்று மாறத் தொடங்கியது. நியூயார்க் மாநிலம் 1966-இல் ஒரு சட்டம் இயற்றியது. பெற்றோரில் ஒருவர் இறந்துபோனால் தாத்தா பாட்டி நீதிமன்றத்தில் மனுப் போடலாம் என்றது. பிறகு ஒவ்வொரு மாநிலமாகச் சட்டம் கொண்டுவந்தது. 2000-ஆம் ஆண்டுக்குள் ஐம்பது மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இப்படி ஒரு சட்டம் இருந்தது.

ஏன் இத்தனை வேகம்? விவாகரத்து பெருகியது. மக்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள். அரசியல்வாதிகளுக்கு முதியவர்களின் வாக்கு முக்கியமானது. 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தாத்தா பாட்டிகளின் தேசிய தினமாக அறிவித்தார். அதோடு, பல வீடுகளில் பிள்ளைகளை உண்மையில் வளர்த்ததே அவர்கள்தான். 1996-இல் அமெரிக்கப் பிள்ளைகளில் 28 சதவீதம் பேர் தாய் அல்லது தந்தை ஒருவரோடு மட்டும் வாழ்ந்தார்கள். 1998-இல் சுமார் 40 லட்சம் பிள்ளைகள், அதாவது 5.6 சதவீதம் பேர், தாத்தா பாட்டி வீட்டில் வாழ்ந்தார்கள். பின்னால் வரும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இந்த எண்கள் இருக்கின்றன.

அந்தத் தீர்ப்புக்குப் போகுமுன் இன்னொரு பாட்டியைச் சொல்லிவிடுகிறேன். ஒஹையோ மாநிலத்தில் கிழக்கு கிளீவ்லாந்து என்ற ஊர். அங்கே இனெஸ் மூர் என்ற பாட்டி ஒரு மகனோடும் இரண்டு பேரன்களோடும் வாழ்ந்தார். பேரன்களில் ஒருவன் அந்த மகனின் பிள்ளை. மற்றவன் இன்னொரு மகனின் பிள்ளை. கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்ததால் பாட்டியிடம் வந்தவன். ஒரு வீட்டில் யார் யார் சேர்ந்து வாழலாம் என்று நகராட்சி ஒரு விதி வைத்திருந்தது. அந்த விதிப்படி ஒரு மகனும் அவன் பிள்ளையும் பாட்டியோடு இருக்கலாம். இரண்டு மகன்களின் பிள்ளைகள் சேர்ந்து இருக்கக் கூடாது. தாயில்லாத பேரனை வெளியே அனுப்பச் சொல்லி நோட்டீஸ் வந்தது. பாட்டி மறுத்தார். ஐந்து நாள் சிறை, 25 டாலர் அபராதம் என்று தண்டனை விதித்தார்கள்.

அவர் விடவில்லை. 1977-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளை மட்டும் அல்ல. தாத்தா பாட்டி, அத்தை மாமா, ஒன்றுவிட்ட சகோதரர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்வதற்கும் அமெரிக்க மரபில் இடம் உண்டு என்று நீதிபதி பவல் எழுதினார். கூட்டுக்குடும்பம் நமக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தத் தீர்ப்பைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஆனால் இனெஸ் மூர் எதிர்த்தது அரசாங்கத்தை. பாட்டிக்கு எதிரே நிற்பது பிள்ளையின் சொந்தத் தாயாக இருந்தால்? அதற்குத்தான் 2000-இல் வந்த டிராக்ஸெல் எதிர் கிரான்வில் வழக்கு. அமெரிக்காவில் பேரப்பிள்ளை உரிமை பற்றி யார் பேசினாலும் இங்கே வந்து நின்றுதான் ஆக வேண்டும்.

இடம், வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் கவுண்டி. கிரான்வில் என்ற பெண்ணும் டிராக்ஸெல் குடும்பத்து மகனும் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்து, இரண்டு பெண் குழந்தைகளைப் பெற்றார்கள். 1991-இல் பிரிந்தார்கள். மகன் தன் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினார். வார இறுதிகளில் குழந்தைகளை அங்கே அழைத்து வருவார். 1993 மே மாதத்தில் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

அதன் பிறகும் சில மாதங்கள் குழந்தைகள் தாத்தா பாட்டி வீட்டுக்கு வழக்கம்போல வந்தார்கள். அக்டோபரில் தாய், இனி மாதத்துக்கு ஒருமுறை சிறிது நேரம் வந்தால் போதும் என்றார். டிசம்பரில் தாத்தாவும் பாட்டியும் நீதிமன்றம் போனார்கள். மாதத்துக்கு இரண்டு வார இறுதி, இரவு தங்கலோடு. கோடையில் இரண்டு வாரம். இது அவர்கள் கேட்டது. மாதத்தில் ஒரு நாள், இரவு தங்கக் கூடாது. இது தாய் தருவதாகச் சொன்னது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். வழக்கின் பெயரை மட்டும் கேட்டிருப்பவர்கள், கல் மனசுக்காரத் தாய் ஒருத்தி கதவைச் சாத்திவிட்டாள் என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் கதவைச் சாத்தவே இல்லை. சண்டை நடந்தது, மாதத்தில் ஒரு நாளுக்கும் இரண்டு வார இறுதிகளுக்கும் நடுவே.

கவுண்டி நீதிபதி 1995-இல் நடுவாக ஒரு கணக்குப் போட்டார். மாதம் ஒரு வார இறுதி, கோடையில் ஒரு வாரம், தாத்தா பிறந்தநாளுக்கு நான்கு மணி நேரம், பாட்டி பிறந்தநாளுக்கு நான்கு மணி நேரம். அந்தக் குடும்பம் பெரியது, பாசமானது, ஒன்றுவிட்ட அக்கா தங்கைகளும் இசையும் அங்கே பிள்ளைகளுக்குக் கிடைக்கும் என்று பதிவு செய்தார். தன் சிறுவயதில் இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி வீட்டிலும் ஒவ்வொரு வாரம் தங்கியதையும், அது இனிமையாக இருந்ததையும் சொன்னார். இங்கேயும் அப்படி அமையலாம் என்றார்.

படிக்கும்போது எனக்கு அந்த நீதிபதியைப் பிடித்துப்போனது. நம் வீட்டுப் பெரியவர் பஞ்சாயத்து பேசுவது போல இருந்தது. ஆனால் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டுக் காட்டிய குறைகளில் இதுவும் ஒன்று. நீதிபதி தன் இளமை நினைவை எடுத்து இன்னொரு பெண்ணின் வீட்டுக்குச் சட்டமாக்கலாமா?

மேல்முறையீடு நடக்கும்போதே தாய்க்குத் திருமணம் ஆனது. 1996 பிப்ரவரியில் புதிய கணவர் அந்தக் குழந்தைகளை முறைப்படி தத்தெடுத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் தாய் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1998-இல் மாநில உச்ச நீதிமன்றமும் அப்படியே சொன்னது. 2000 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தாய்க்கு வெற்றி கொடுத்தது.

நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் எழுதிய முக்கியத் தீர்ப்பில் மூன்று பேர் அவரோடு சேர்ந்தார்கள். இன்னும் இரண்டு பேர் முடிவை ஏற்றுத் தனித்தனியாக எழுதினார்கள். வாஷிங்டன் மாநிலச் சட்டத்தின் வாசகம், எவரும் எப்போது வேண்டுமானாலும் மனுப் போடலாம் என்று இருந்தது. தாத்தா பாட்டி என்றுகூட இல்லை, எவரும். பிள்ளைக்கு நல்லது என்று நீதிபதிக்குத் தோன்றினால் போதும். ஓ’கானர் கேட்டார்: இந்தத் தாய் பிள்ளை வளர்க்கத் தகுதியில்லாதவர் என்று யாராவது சொன்னார்களா? இல்லை. அவர் எடுத்த முடிவுக்கு நீதிமன்றம் தனி மதிப்பு ஏதாவது கொடுத்ததா? இல்லை. அவர் பார்க்கவே விடமாட்டேன் என்றாரா? அதுவும் இல்லை. தகுதியுள்ள தாய் தன் பிள்ளையின் நன்மைக்காகத்தான் முடிவெடுப்பார் என்று சட்டம் முதலில் நம்ப வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 14-வது திருத்தம் காக்கும் சுதந்திரத்தில், தன் பிள்ளையை வளர்க்கும் உரிமையும் அடக்கம்.

மாறுபட்ட மூவரில் நீதிபதி ஸ்டீவன்ஸ் சொன்னதை நான் மறப்பதில்லை. இந்த வழக்கைத் தாய்க்கும் தாத்தா பாட்டிக்கும் நடுவே நடக்கும் இழுபறியாக மட்டும் பார்க்காதீர்கள். பிள்ளை யாருடைய உடைமையும் அல்ல. தனக்கு நெருக்கமான உறவைக் காத்துக்கொள்வதில் அந்தப் பிள்ளைக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்பது அவர் வாதம். அன்று அது தோற்றது. ஆனால் கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியைக் கேட்காமல் வாசலில் சண்டை போடுகிறவர்களைத் தினமும் பார்க்கும் எனக்கு, அந்த அறையில் பிள்ளையை நினைத்த குரல் அதுதான் என்று பட்டது.

மனுப் போட்டது 1993 டிசம்பர். இறுதித் தீர்ப்பு 2000 ஜூன். ஆறரை வருடம். ஒரு குழந்தை பேசத் தொடங்கி, பல் விழுந்து முளைத்து, எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் காலம்.

இனி என் கதை. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு பாதிப் பொய்யாகிவிடும்.

சில வருடங்களுக்கு முன்பு என் கணவரும் நானும் ஏறக்குறைய ஒரு வருடம் தனித்தனியாக வாழ்ந்தோம். பிள்ளைகள் என்னோடு இருந்தார்கள். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், நாகர்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்து வீடியோவில் கூப்பிடுவார்கள். பிள்ளைகளோடு அரை மணி நேரம் பேச்சு, ஒரு பாட்டு, கடைசியில் ஒரு ஜெபம். நாங்கள் பிரிந்த பிறகு அந்த அரை மணி நேரத்தில் கேள்விகள் வரத் தொடங்கின. “அப்பா எங்க மக்களே தூங்குதான்?” “அம்மா உங்கள்ட்ட என்ன சொன்னா?” பெரியவன் அன்றைக்கெல்லாம் சாப்பிடாமல் இருப்பான். நான் அத்தையிடம் சொன்னேன், இனி மாதத்தில் ஒரு ஞாயிறு போதும் என்று. பிறகு அதையும் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப் போட்டேன்.

அத்தை கோர்ட்டுக்குப் போகவில்லை. ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் ஒரு டப்பா முந்திரிக்கொத்து கொடுத்துவிட்டார்கள். நான் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை.

இந்த வழக்கை நான் அந்த முதியோர் இல்லத்துப் பாட்டிக்காகப் படிக்க ஆரம்பித்தேன். பாதியில் நான் தாயின் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்தத் தாய் சொன்னதும் மாதத்தில் ஒரு நாள். நான் சொன்னதும் மாதத்தில் ஒரு நாள். யாராவது ஒரு நீதிபதி என் பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துப் பிரித்துக் கொடுத்திருந்தால் நானும் கடைசி நீதிமன்றம்வரை போயிருப்பேன். அன்று நான் செய்ததில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்துக்குள்ளேயே, டப்பாவை யார் கொடுத்தது என்று சொல்லாமல் மறைத்த ஒரு சிறுமையும் இருந்தது. சட்டம் முதலாவதைக் காப்பாற்றும். இரண்டாவதைச் சட்டத்தால் தொட முடியாது.

நாங்கள் மறுபடி சேர்ந்த பிறகு பழைய அழைப்புகளும் திரும்பின. சின்னவளுக்கு அப்போது மூன்று வயது. திரையில் அத்தை முகம் வந்ததும் என் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அத்தை சிரித்துச் சமாளித்தார்கள். பத்து மாத இடைவெளி. அத்தைக்கு அது வாழ்நாளில் ஒரு துளி. மூன்று வயதுக்காரிக்கு அது வாழ்நாளில் கால் பங்குக்கும் மேல்.

சட்டமும் இந்தக் கணக்கைத் தாமதமாகக் கற்றுக்கொண்டது. டிராக்ஸெல் வழக்குக்குப் பிறகு பல மாநிலங்கள் தங்கள் சட்டத்தை இறுக்கின. 2002-இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம், பார்க்க விடாவிட்டால் பிள்ளைக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு வரும் என்று தாத்தா பாட்டி நிரூபிக்க வேண்டும் என்றது. வழக்கு பிறந்த வாஷிங்டன் மாநிலம் 2018-இல் புதிய சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மனுப் போடுகிறவர் உறவினராக இருக்க வேண்டும். பிள்ளையோடு குறைந்தது இரண்டு வருடம் தொடர்ச்சியான, நெருக்கமான உறவு இருந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு இரண்டு வயது ஆகவில்லை என்றால், அதன் வாழ்நாளில் பாதியாவது அந்த உறவு இருந்திருக்க வேண்டும். பார்க்க விடாவிட்டால் பிள்ளைக்குத் தீங்கு வரக்கூடும் என்று காட்ட வேண்டும். ஒருமுறைதான் மனுப் போடலாம். பெற்றோர் கேட்டால் அவர்களுடைய வழக்குச் செலவையும் மனுதாரர் முன்கூட்டியே கொடுக்க வேண்டிவரும். இரண்டு பக்கத்து வசதியையும் பார்த்து, அது அநியாயம் என்று பட்டால் மட்டும் நீதிமன்றம் விலக்கு அளிக்கும்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் வேறு பாதை. 1857 தீர்ப்பின் கருத்தைப் பிரான்ஸ் 1970-இல் சட்டமாக்கியது. 2002-இல் வாசகத்தைப் புரட்டிப் போட்டது. அதுவரை ‘பெற்றோர் தடுக்கக் கூடாது’ என்று இருந்தது, ‘பிள்ளைக்குத் தன் முன்னோரோடு உறவு வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு’ என்று ஆனது. 2007-இல், பிள்ளையின் நலன் ஒன்றுதான் அந்த உரிமைக்குத் தடையாக நிற்க முடியும் என்று சேர்த்தார்கள். உரிமை பாட்டியின் கையிலிருந்து பேத்தியின் கைக்கு மாறிவிட்டது.

நம் ஆட்கள் வாழும் மற்ற நாடுகளையும் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1989-இன் குழந்தைகள் சட்டப்படி, தாத்தா பாட்டி பொதுவாக முதலில் மனுப் போடவே நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். ஜெர்மனியில் 1998 முதல், பிள்ளையின் நலனுக்கு உதவும் என்றால் தாத்தா பாட்டிக்குச் சந்திப்பு உரிமை உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் 2001-இல் சாப்மன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெற்றோரின் முடிவுக்கு மதிப்புக் கொடுத்தது. 2016-இல் அந்த மாகாணச் சட்டத்தில் தாத்தா பாட்டி என்ற சொல்லையே எழுதிச் சேர்த்தார்கள். கியூபெக்கின் சிவில் சட்டம் பிரெஞ்சு வழியில் வந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2018 மே 31 அன்று, பல்கேரியாவில் இருந்த ஒரு பாட்டி, கிரேக்கத்தில் தந்தையோடு வாழ்ந்த பேரனைப் பார்க்கக் கேட்ட வழக்கில், ‘சந்திப்பு உரிமை’ என்ற சொல் பெற்றோரை மட்டும் குறிக்காது, தாத்தா பாட்டியையும் குறிக்கும் என்றது. நாடு தாண்டிப் பேரப்பிள்ளைகள் வாழும் காலத்துக்கு அது முக்கியமான தீர்ப்பு.

இந்த வரலாற்றில் இருந்து நான் புரிந்துகொண்டது ஒன்றுதான். நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகச் சட்டம் ரத்தத்திலிருந்து விலகி, பழக்கத்தை நோக்கி நடந்திருக்கிறது. நீ யார் என்று கேட்பது குறைந்து, இந்தப் பிள்ளையோடு எத்தனை நாள் இருந்தாய் என்று கேட்பது கூடியிருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் உறவைத்தான் சட்டத்தால் காக்க முடியும். இல்லாத உறவை ஒரு நீதிபதியாலும் உண்டாக்க முடியாது.

நமக்கு இதில்தான் சிக்கல். நம் அம்மாக்களும் அத்தைகளும் பிரசவம் பார்க்க வருகிறார்கள். அமெரிக்காவுக்கு வரும் விசிட்டர் விசாவில் ஒரு தடவைக்குப் பொதுவாக ஆறு மாதம்தான் தங்க முடியும். அந்த ஆறு மாதத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டி, காலில் போட்டு எண்ணெய் தேய்த்து, மடியில் தூங்க வைத்துவிட்டு, ஏர்போர்ட்டில் அழுதுகொண்டே திரும்பிப் போகிறார்கள். பிறகு மகனுக்கோ மகளுக்கோ குடும்பம் உடைந்தால், தொடர்ச்சியான இரண்டு வருட உறவு என்ற அளவுகோலுக்கு முன்னால் அந்த ஆறு மாதம் எப்படி நிற்கும்? சாட்சிக்கு என்ன இருக்கும்? சில போட்டோ, ஞாயிற்றுக்கிழமை அழைப்புகள். அந்த அழைப்புகளைத்தான் நான் வெட்டினேன்.

வேதாகமத்தில் ரூத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். நகோமியின் கணவனும் இரண்டு மகன்களும் மோவாபில் இறந்துபோனார்கள். மருமகள் ரூத் மட்டும் கூடவே வந்தாள். அவள் போவாஸைத் திருமணம் செய்து ஒரு மகனைப் பெற்றாள். அந்தக் குழந்தை நகோமியின் மகனுக்குப் பிறந்தது அல்ல. ஆனாலும் நகோமி அதை மடியில் வைத்து வளர்த்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நகோமிக்கு மகன் பிறந்தான் என்றே சொன்னார்கள். ஸ்காஜிட் கவுண்டியில் ரத்தம் இருந்தது, வழி அடைந்தது. பெத்லகேமில் மகன் போன பிறகும் வழி இருந்தது. வித்தியாசம், மாமியாரைக் கூடவே வைத்துக்கொண்ட ஒரு மருமகள். அவளை அப்படி வைத்துக்கொள்ளச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.

நான் வழக்கறிஞர் அல்ல. இப்படி ஒரு நிலையில் இருப்பவர்கள் உங்கள் ஊரில் குடும்ப வழக்கு பார்க்கும் ஒருவரைக் கேளுங்கள். பெரும்பாலும் சமரசப் பேச்சில் முடித்துக்கொள்ளச் சொல்வார்கள். அதை அலட்சியம் செய்ய வேண்டாம். ஆறரை வருட வழக்கில் ஜெயித்தவருக்கும் பிள்ளையின் அந்த ஆறரை வருடம் திரும்பக் கிடைக்காது. பாட்டிமார்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்குக் கிடைக்கும் அரை மணி நேரத்தில் பிள்ளையிடம் விசாரணை வேண்டாம். தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: நேரத்தைக் குறைக்க உங்களுக்கு உரிமை உண்டு. டப்பாவை யார் கொடுத்தது என்பதை மட்டும் மறைக்காதீர்கள்.

இல்லத்தில் இருந்த அந்தப் பாட்டிக்குச் சொல்ல வேண்டிய பதிலோடு முடிக்கிறேன். ஆமாம் அம்மா, சட்டம் இருக்கிறது. ஐம்பது மாநிலங்களிலும் இருக்கிறது. ஆனால் அது முதலில் உங்கள் மருமகளை நம்பும். பிறகுதான் உங்களைக் கேட்கும்.

அவருடைய மேசையில் இருந்த பள்ளிப் படத்தை, மற்ற சாமான்களோடு ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, பதிவேட்டில் இருந்த முகவரிக்கு இல்லத்திலிருந்து அனுப்பிவைத்தோம். பெட்டியில் வைப்பதற்கு முன் படத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் பேத்தியின் பெயரும் வயதும் எழுதியிருந்தது. ஏழு.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.